கொயினாவின் கதை: மருந்து, சந்தை, மக்கள்

1886ஆம் ஆண்டளவில் இலங்கையின் மலைநாட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் சிங்கோனாப் பட்டை ஏற்றுமதியாயிற்று. மலேரியாக் காய்ச்சலுக்கு அக்கால உலகம் அறிந்திருந்த நம்பகமான ஒரே மருந்தாகிய கொயினா அப்பட்டையிலிருந்தே பெறப்பட்டது. அதற்கு நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர், 1934 ஒக்ரோபர் தொடக்கம் 1935 ஏப்பிரில் வரையான ஏழு மாத காலத்தில், அதே நாட்டில் ஏறத்தாழ 80,000 மக்கள் மலேரியாவினால் மாண்டனர். அன்று இலங்கையின் சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சமளவே. உலகுக்கு மருந்தை ஏற்றுமதி செய்த நாடு, அம்மருந்து தீர்க்கும் நோயினாலேயே அரை நூற்றாண்டுக்குள் இத்தகைய பேரழிவைச் சந்தித்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

நமது பாடநூல்களும் பொது அறிவு வினாவிடை நூல்களும் இத்தகைய வினாக்களை எழுப்புவதில்லை. கொயினாவைப் பிரித்தெடுத்தவர் யார், மலேரியாக் கிருமியைக் கண்டவர் யார், நுளம்பே அந்நோயைக் காவுகின்றது என்பதை நிறுவியவர் யார் என்றே அவை வினவுகின்றன. ஒரு பெயரும் ஓர் ஆண்டும் விடையாகக் கிடைத்ததும் மாணவன் திருப்தியடைகிறான். அவ்விடைகள் பிழையானவை அல்ல. ஆயின் அவை விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனிமனிதர் சிலரின் வரலாறாகச் சுருக்கிவிடுகின்றன. கண்டறியப்பட்ட உண்மை யாருடைய உடைமையாயிற்று, யாருக்கு முதலிற் பயன்பட்டது, யாரை எப்போது சென்றடைந்தது, யாரைச் சென்றடையவேயில்லை என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. ஒரு மருந்தை அறிதலும், அம்மருந்து மக்களைச் சென்றடைதலும் இரு வேறு வரலாறுகள். முன்னையது ஆய்வுகூடத்துடன் தொடர்புடையது. பின்னையது உற்பத்தி உறவுகளுடனும் அரசதிகாரத்துடனும் தொடர்புடையது. கொயினாவின் கதை இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது.

சீமாட்டியின் ஐதீகம்

சிங்கோனா, தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைச் சாரல்களுக்குரிய மரமாகும். இன்றைய எக்குவடோர் நாட்டின் தென்பகுதியிலுள்ள லோஹா என்னும் பிரதேசத்தின் பட்டையே தொடக்க காலத்திற் பெரும் புகழ் பெற்றிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் யேசு சபைத் துறவியர் வாயிலாக அது ஐரோப்பாவை அடைந்தது. அதனாலேயே அது நெடுங்காலம் ‘யேசு சபையாரின் பட்டை’ என வழங்கிற்று.

இலக்கிய மாணவராகிய நமது கவனத்தை ஈர்ப்பது இதனைச் சூழ்ந்து வளர்ந்த ஐதீகமாகும். பெரு நாட்டின் ஸ்பானிய ஆள்பதியான சிஞ்சோன் பிரபுவின் மனைவி கடுங்காய்ச்சலால் வருந்தினாள்; பட்டைத் தூள் அவளைக் குணமாக்கிற்று; அவள் அதனை ஏழைகளுக்கு வழங்கியதோடு ஐரோப்பாவுக்கும் கொண்டு சென்றாள். இத்தாலிய மருத்துவரான பாடோ 1663இல் வெளியிட்ட நூல் இக்கதையைப் பரப்பிற்று. 1742இல் லின்னேயஸ் இம்மரச் சாதிக்கு அச்சீமாட்டியின் நினைவாகவே சிங்கோனா எனப் பெயரிட்டார். பெயரின் எழுத்துக்கூட்டலிற் பிழையும் நேர்ந்தது. 1941இல் ஹகிஸ் என்னும் ஆய்வாளர், ஆள்பதியின் காலத்து நாட்குறிப்பை ஆராய்ந்து, இக்கதைக்கு ஆதாரமில்லை என்பதை எடுத்துக்காட்டினார்.

கதை பொய்யாயினும் அதன் தொழிற்பாடு மெய்யானது. அந்தீஸ் மலை மக்கள் குளிருக்கும் நடுக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் இப்பட்டையைப் பயன்படுத்தியிருந்தனர் என்பதே மரபுவழிச் செய்தி. அம்மக்களின் அனுபவ அறிவு, கதையில் ஒரு சீமாட்டியின் கருணையாக உருமாறிவிடுகின்றது. அறிந்து கொடுத்தவர் பெயரற்றவராகின்றனர்; பெற்றுக்கொண்டவள் கொடையாளியாகின்றாள். இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. கொடிய வகை மலேரியா அமெரிக்கக் கண்டத்துக்கு ஐரோப்பியரின் வருகையோடும் ஆபிரிக்க அடிமை வியாபாரத்தோடுமே சென்றது என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலாரின் கருத்து. அவ்வாறாயின், நோயைக் கொண்டு சென்றவர்களே மருந்தை எடுத்து வந்தனர் என்றாகின்றது.

பேரரசின் மருந்து

1820இல் பாரிஸ் நகரில் பெல்லெத்தியே, கவாந்து என்னும் மருந்தியலாளர் இருவர் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தனர். பட்டைத் தூளின் வலிமை மரத்துக்கு மரம் வேறுபட்டது; பிரித்தெடுக்கப்பட்ட கொயினாவையோ அளந்து கொடுக்கலாம். மருத்துவத்தின் வளர்ச்சியில் இது ஐயத்துக்கிடமின்றி ஒரு பெரும் படியாகும். ஆயின் அந்நூற்றாண்டில் இம்மருந்துக்கான தேவையைப் பெருக்கியது யாது? ஆபிரிக்காவும் ஆசியாவும் அன்று ஐரோப்பிய அரசுகளின் படையெடுப்புக்கும் வணிகத்துக்கும் களங்களாகிக் கொண்டிருந்தன. 1841இல் நைகர் ஆற்றில் ஏறிச் சென்ற பிரித்தானியக் குழுவின் ஐரோப்பியரில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலாரைக் கொன்றது காய்ச்சலே. 1854இல் அதே ஆற்றில் பெய்கி என்னும் மருத்துவரின் தலைமையிற் சென்ற குழு நாள்தோறும் முன்தடுப்பாகக் கொயினாவை உட்கொண்டது. காய்ச்சலால் ஒருவரும் இறக்கவில்லை. நீராவிக் கப்பலும் துப்பாக்கியும் போன்று கொயினாவும் ஆபிரிக்கப் பங்கீட்டின் கருவிகளில் ஒன்றாயிற்று.

இந்தியாவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. 1857இன் எழுச்சிக்குப் பின்னர் ஐரோப்பியப் படையினரின் தொகை அங்கு பெருகிற்று. கொயினாவை அந்தீஸ் நாடுகளிலிருந்து பெரும் பணம் கொடுத்து வாங்குவதிலும், மரத்தையே தமது ஆட்சிப் பகுதிகளுக்குக் கொண்டு வருவது இலாபமெனப் பிரித்தானிய அரசு கருதிற்று. 1859-60இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரின் தலைமையில் இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. எக்குவடோரில் செம்பட்டை மரத்தின் விதைகளையும் நாற்றுக்களையும் தாவரவியலாளர் றிச்சட் ஸ்புறூஸ் 1860இல் திரட்டினார். நீலகிரியில் உதகமண்டலமும், இலங்கையில் 1861இல் அமைக்கப்பட்ட ஹக்கலைத் தாவரவியற் பூங்காவும் அவற்றின் புதிய இல்லங்களாயின. நீலகிரியின் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் மலாயாக் கரையோரக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். அந்தீஸின் மரமும், சீனத்துக் கைதியும், தமிழகத்து மலையும் இலண்டனின் தேவையொன்றினால் ஓரிடத்திற் கூட்டப்பட்டமை பத்தொன்பதாம் நூற்றாண்டு உலகச் சந்தையின் இயல்பை விளக்கப் போதுமானது.

ஒல்லாந்தரும் ஜாவாவில் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். அவர்களுக்கு வெற்றி கிடைத்த வரலாறு சிறப்பாக நோக்கத்தக்கது. பொலிவியாவிலும் பெருவிலும் வணிகஞ் செய்த சாள்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேயரிடம் மனுவல் இன்க்ரா மாமனி என்னும் பொலிவியச் சுதேசி பணியாற்றினார். எந்த மரத்தின் பட்டை உயர்ந்தது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியும் திறன் அவருக்கிருந்தது. அவர் சேகரித்துக் கொடுத்த விதைகளை 1865இல் லெட்ஜர் பிரித்தானிய அரசுக்கு விற்க முயன்றார். அவ்வரசு வாங்க முன்வரவில்லை. ஒல்லாந்த அரசு ஏறத்தாழ ஓர் இறாத்தல் விதையைச் சொற்ப விலைக்கு வாங்கிற்று. அவ்விதையில் முளைத்த மரங்களின் பட்டையில் கொயினாவின் அளவு ஏனைய வகைகளைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்திருந்தது. மாமனியோ பின்னொரு தடவை விதை திரட்டச் சென்றபோது சிறைப்பட்டு, அடியுண்டு, சின்னாளில் இறந்தார். மரச் சாதி சீமாட்டியின் பெயரைப் பெற்றது. உயர்ந்த இனம் வணிகரின் பெயரால் லெட்ஜரியானா எனப்பட்டது. மரத்தை அறிந்தவரின் பெயர் எதற்கும் இடப்படவில்லை.

மலைநாட்டில் ஒரு பத்தாண்டு

இலங்கையிற் சிங்கோனா பரவியமைக்கு மருத்துவத் தேவை காரணமன்று. கோப்பியின் வீழ்ச்சியே காரணமாகும். 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளில் மஞ்சட் பொடி படிந்தாற்போன்ற ஒரு பங்கசு நோய் காணப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் அது கோப்பிப் பெருந்தோட்டங்களை அழித்தொழித்தது. மாற்றுப் பயிரைத் தேடிய தோட்டத்துரைமார், அவ்வேளையில் நல்ல விலை பெற்றுக்கொண்டிருந்த சிங்கோனாவை நாடினர். 1867இல் லூல்கந்துரையிற் தேயிலையைப் பயிரிட்டுப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ரெயிலரும் சிங்கோனாப் பயிர்ச் செய்கையில் முன்னோடிகளுள் ஒருவரே. 1880களின் முற்பகுதியில் 60,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற் சிங்கோனா பரவியிருந்தது.

நாற்று நட்டவரும், மரத்தைத் தறித்தும் சீவியும் பட்டையை உரித்தவரும், அதனை உலர்த்திக் கட்டியவரும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக மாத்தளைக்கு நடந்த அம்மக்களை வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் வழிநெடுகப் பலிகொண்டன. காய்ச்சல் நிறைந்த காட்டைக் கடந்து வந்தவர்கள், காய்ச்சலின் மருந்தை ஏற்றுமதிக்காக உரித்துக் கொடுத்தனர். தாம் உரித்த பட்டையின்மேல் அவர்களுக்கு எவ்வித உரிமையும் இருக்கவில்லை. தொழிலாளி தன் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியப்படுதலை விளக்க இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

தோட்டத்துரைமார் ஒவ்வொருவரும் தனித்தனியே இலாபத்தை எதிர்பார்த்துப் பட்டையைச் சந்தையிற் குவித்தமையால் விலை சரிந்தது. 1870களின் இறுதியில் அவுன்சொன்றுக்குப் பத்துச் சிலிங்குக்கு மேல் விற்ற கொயினா, 1890களின் தொடக்கத்தில் ஒரு சிலிங்கு அளவுக்கு இறங்கிற்று. இலங்கையின் செம்பட்டையிற் கொயினா குறைவு. ஜாவாவின் லெட்ஜரியானாவில் அது மிகுதி. போட்டியில் நிலைக்கவியலாத இலங்கைத் தோட்டங்கள் சிங்கோனாவைப் பிடுங்கியெறிந்து தேயிலையை நட்டன. நூற்றாண்டின் முடிவில் சிங்கோனா ஒரு நினைவாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டியுள்ளது. விலை வீழ்ந்தபோது நோய் வீழ்ந்துவிடவில்லை. வரண்ட வலயக் கிராமங்கள் காய்ச்சலால் நலிந்துகொண்டேயிருந்தன. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய லெனாட் வுல்வ் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலிற் பட்டினியும் காய்ச்சலும் இணைந்து ஒரு கிராமத்தையே இல்லாதொழிப்பதைக் காண்கிறோம். ஆகவே 1890களில் மிகையாக இருந்தது மருந்தன்று. விலை கொடுக்கக்கூடியவர்களின் தேவைக்கு மேற்பட்ட பண்டமே மிகையாக இருந்தது. நோயாளியின் தேவை, அவனது கையிற் காசு இல்லாதவிடத்து, சந்தையின் கணக்கில் இடம்பெறுவதில்லை. பயன்பாட்டுப் பெறுமதியும் பரிமாற்றுப் பெறுமதியும் முரண்படுவதை மார்க்ஸ் பொதுமையாக விளக்கினார். ஹக்கலைக்குச் சுற்றுப்புறத்து மலைகளில் அம்முரண்பாடு வேரோடு பிடுங்கப்பட்ட மரங்களாகக் கிடந்தது.

மதராஸ் மருத்துவர் கண்டதும் சந்தை மறந்ததும்

இலங்கைப் பட்டையிற் கொயினா குறைவாக இருந்தமையால் அது மருத்துவத்துக்கு உதவாதது என ஒருவர் வாதிடக்கூடும். இவ்வாதத்துக்கு விடை 1868ஆம் ஆண்டளவிலேயே கிடைத்திருந்தது. சிங்கோனாப் பட்டையிற் கொயினாவைத் தவிர சிங்கோனைன், சிங்கோனிடைன், குயினிடைன் ஆகிய காரப்போலிகளும் உள்ளன. 1866இல் மதராஸ் மாகாணத்தில் நியமிக்கப்பட்ட மருத்துவக் குழுவொன்று இவற்றை நோயாளரிடத்துப் பரிசோதித்தது. அவை மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாவைப் பெரும்பாலும் ஒத்த பயனைத் தருகின்றன என்பதே அப்பரிசோதனைகளின் முடிவு. அதாவது, ஐரோப்பியச் சந்தை இழிந்ததென ஒதுக்கிய செம்பட்டை, நோயாளிக்கு நல்ல மருந்தாகவே இருந்தது.

வங்காள அரசாங்கம் இவ்வறிவை ஓரளவு பயன்படுத்திக்கொண்டது. டார்ஜிலிங் மலைச்சாரலில் மங்பூ என்னுமிடத்தில் அரசாங்கமே தோட்டமும் தொழிற்சாலையும் அமைத்து, செம்பட்டையின் காரப்போலிகள் எல்லாவற்றையும் கலந்த மலிவான காய்ச்சல் மருந்தைத் தயாரித்தது. 1892 முதல் அங்குள்ள தபாற் கந்தோர்களிற் சிறு பொதிகளாகக் கொயினா ஒரு பைசா விலைக்கு விற்கப்பட்டது. நீலகிரித் தோட்டங்களும் அரசின் கையில் நிலைத்தன. இதனைக் குடியேற்ற அரசின் கருணை எனக் கொள்ளவேண்டியதில்லை. படையின் நலமும் வரியிறுக்கும் குடியானவனின் உழைப்பும் அதற்குக் காரணங்களாக இருந்தன. உற்பத்தியும் தேவைக்கு மிகக் குறைந்ததாகவே இருந்தது. எனினும், தனியார் இலாபத்துக்கு ஒவ்வாததென்பதற்காக ஒரு மருந்து மரத்தைக் கைவிடவேண்டியதில்லை என்பதை அம்முயற்சி நிரூபித்தது. பெருந்தோட்ட நலன்களே அரசின் கொள்கையை வகுத்த இலங்கையில் அத்தகைய முயற்சி நிலைபெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் உலகக் கொயினா ஜாவாவின் ஏகபோகமாயிற்று. 1913இல் பட்டை உற்பத்தியாளரும் கொயினாத் தயாரிப்பாளரும் உடன்படிக்கை செய்துகொண்டு அம்ஸ்ரடாமிலிருந்து உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தினர். 1930களில் உலகுக்கு வேண்டிய பட்டையில் பத்திலொன்பது பங்கு ஜாவாவிலிருந்தே வந்தது. விலை வீழாமற் காக்க விளைச்சல் கட்டுப்படுத்தப்பட்டது. சர்வதேச சங்கத்தின் மலேரியாக் குழு, ஏழை நாடுகளுக்கு இம்மருந்து எட்டாமலிருப்பதைக் கண்டு, காரப்போலிகள் யாவற்றையும் கொண்ட ‘ரொற்றாகுயினா’ என்னும் மலிவான கலவையை 1931இல் வரையறுத்தது. மதராஸ் மருத்துவர் 1868இற் கண்ட உண்மை சர்வதேச அங்கீகாரம் பெற அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. இடையில் தடையாக நின்றது அறியாமையன்று.

1934: ஆறுகள் குளங்களானபோது

மலேரியா பற்றிய விஞ்ஞான அறிவும் இதற்கிடையில் முழுமை பெற்றிருந்தது. 1880இல் அல்ஜீரியாவில் லவெறன் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஓகஸ்ட் 20இல் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்ச்சி நிலையைக் கண்டார். அந்நுளம்புகள் கடிப்பதற்குத் தன் உடலைக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்னும் நோயாளி; நுளம்பொன்றுக்கு ஓரணா அவருக்குக் கூலி. இலங்கையில் மலேரியா எதிர்ப்புப் பணி 1911 அளவிலேயே தொடங்கிவிட்டது. இந்நாட்டில் நோயைப் பரப்புவது அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு என்பதும் அறியப்பட்டிருந்தது.

அந்நுளம்பின் இயல்பை அறிந்தாலன்றி 1934இன் புவியியலை விளங்கிக்கொள்ள இயலாது. அது வெயில் படும் தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். ஈரவலயத்தின் ஆறுகள் வழக்கமாக விரைந்தோடுவதால் அதன் குடம்பிகள் நிலைக்கமாட்டா. 1934இற் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா முதலியவை வற்றி, ஆற்றுப் படுகைகள் எண்ணற்ற சிறு குட்டைகளாயின. வரண்ட வலயத்தில் மழையோடு வரும் காய்ச்சல், ஈரவலயத்தில் வரட்சியோடு வந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகப் பெரிய அழிவைக் கண்டன. வரண்ட வலயத்தோர் சிறுவயது முதலே நோயோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தனர். சனச்செறிவு மிக்க ஈரவலயத்தோருக்கு அப்பாதுகாப்பு இருக்கவில்லை. ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பேர் நோயுற்றனர். 1935இற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

அரசாங்கம் கொயினாவை இறக்குமதி செய்து இலவசமாக விநியோகித்தது. தற்காலிக வைத்தியசாலைகளையும் சிகிச்சை நிலையங்களையும் திறந்தது. இதனை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. மலைநாட்டுச் சிங்கோனா மரங்கள் நின்றிருந்தால் எவரும் இறந்திருக்கமாட்டார் எனக் கூறுவதும் பொருந்தாது. அது வரலாற்றை யாந்திரிகமாக நோக்குவதாகும். கொயினா காய்ச்சலைத் தணிக்கும், நுளம்பைத் தடுக்காது, உணவற்ற உடலுக்கு வலிமை தராது. ஆகவே நமது வினாவை இன்னும் கூர்மையாக்க வேண்டும்: கொயினா வழங்கப்பட்ட பின்னரும் இத்தனை மக்கள் இறந்தது ஏன்?

விடையைக் கிராமத்திலேயே தேடவேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலைகள் வீழ்ந்திருந்தன; கூலி வேலை அருகியது. வரட்சி நெல்லை அழித்தது. பசியால் நலிந்த உடல்களையே நோய் தாக்கிற்று. ஏற்றுமதிப் பயிருக்குப் பாதைகளும் புகையிரதமும் அமைத்த ஆட்சி, கிராமங்களில் மருந்தகங்களை அமைத்திருக்கவில்லை. கொயினாவைக் கொடுக்கத் தொடங்கியபோது அதனைக் கொண்டு செல்லும் நிரந்தர அமைப்பு இல்லாதிருந்தது. மருந்தென்பது போத்தலில் அடைக்கப்பட்ட பொருள் மாத்திரமன்று. அதனைக் குடிசைவரை கொண்டு சேர்க்கும் பாதையும், மருத்துவ உதவியாளனும், நோயாளியின் கலத்திலுள்ள உணவும் சேர்ந்ததே மருந்தாகும். சிங்கோனா பிடுங்கப்பட்டமை இழப்பின் மூலகாரணமன்று. மக்களின் நலத்தை விலையினால் அளந்த ஓர் அமைப்பின் அறிகுறி அது.

அன்று கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் இவ்வுண்மையை அனுபவத்திற் கண்டனர். மருத்துவரும் அரசாங்க சபை உறுப்பினருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். கொயினாவோடு உணவும் வேண்டுமென்பதை அவர்கள் உணர்ந்தனர். பருப்பைப் பகிர்ந்தளித்த என்.எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தையா’ என அழைத்தனர். 1935 டிசெம்பர் 18இல் இலங்கைச் சமசமாஜக் கட்சி தோன்றியமைக்கும், 1936 தேர்தலில் றுவன்வெல்லையில் என்.எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வெற்றி பெற்றமைக்கும் இக்காய்ச்சற் கிராமங்களோடு நெருங்கிய தொடர்புண்டு. சர்வசன வாக்குரிமை 1931இலேயே வழங்கப்பட்டிருந்தது. நோயாளியாக மாத்திரம் கருதப்பட்ட கிராமத்தவர் வாக்காளராகவும் இருந்தமையால் சுகாதாரம் இந்நாட்டில் அரசியற் பிரச்சினையாயிற்று. பிற்காலத்து இலவச மருத்துவ சேவையின் வேர்களுள் ஒன்று இங்கேயே உள்ளது.

பின்னை வரலாறு

1942இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றவே நேச நாடுகள் கொயினாவை இழந்தன. செயற்கை மருந்துகளின் காலம் தொடங்கிற்று. யுத்தம் முடிந்ததும் இலங்கையில் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு இருபதளவில் இருந்த இறப்பு விகிதம் 1947இற் பதினான்களவுக்கு வீழ்ந்தது. ஓர் இரசாயனம் நிகழ்த்திய அற்புதமென இது உலகெங்கும் பேசப்பட்டது. ஆயின் மீகம, கிரே ஆகிய ஆய்வாளர் புள்ளிவிபரங்களைப் பிரதேசவாரியாக ஆராய்ந்தபோது, மலேரியா இல்லாத பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்தமை புலனாயிற்று. வீழ்ச்சியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே மலேரியா ஒழிப்பினால் நேர்ந்தது என்பது கிரேயின் கணிப்பு. பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கென நியூமன் கணித்தார். எஞ்சியது உணவு மானியம், வைத்தியசாலைகள், மருத்துவிச்சிகள் ஆகியவற்றின் பயனாதல் வேண்டும்.

1963இல் நாடெங்கும் பதினேழு நோயாளரே பதிவாயினர். வெற்றி நிறைவுற்றதென எண்ணித் தெளித்தல் நிறுத்தப்பட்டது; விழிப்பும் தளர்ந்தது. 1968-69இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அதன் பின்னர் பல பத்தாண்டுகள் கிராமந்தோறும் இரத்தம் பரிசோதித்து, நோயாளியைத் தேடிச் சென்று மருந்தளித்த பொதுச் சுகாதார ஊழியர்களின் உழைப்பினாலேயே, உள்நாட்டுப் போரின் ஊடாகவும், நோய் கட்டுப்பட்டது. சுதேச மலேரியாவின் இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரிற் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அங்கீகரித்தது.

உலகளவில் கதை முடியவில்லை. வியட்நாம் யுத்தகாலத்தில் சீனாவில் 1967இல் தொடங்கப்பட்ட அரச ஆய்வுத்திட்டத்தின் பயனாக, பழைய மருத்துவ நூற்குறிப்பொன்றின் துணையுடன் து யூயூவும் அவரது குழுவினரும் ஆர்ட்டெமிசினின் என்னும் மருந்தைக் கண்டறிந்தனர். கூட்டு முயற்சியின் விளைவாகிய அது, 2015இல் தனியொருவருக்கு வழங்கப்பட்ட நோபல் பரிசினாலேயே பொது அறிவு நூல்களிற் புகுந்தது. 2021இல் முதலாவது மலேரியாத் தடுப்பூசியும் உலக சுகாதார தாபனத்தின் பரிந்துரையைப் பெற்றது. இவ்வளவும் இருந்தும் 2023இல் உலகில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் மலேரியாவால் இறந்தனர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவினர் ஆபிரிக்கப் பிராந்தியத்தவர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 1934இன் கேகாலைக் குழந்தைக்கும் இக்குழந்தைகளுக்கும் இடையில் மருந்து மாறியுள்ளது. மருந்துக்கும் குடிசைக்கும் இடையிலுள்ள தூரம் போதிய அளவு மாறவில்லை.

விஞ்ஞான வரலாற்றைத் தமிழில் எழுதுவோரும் கற்பிப்போரும் கண்டுபிடித்தவரின் பெயரோடு நின்றுவிடாது, கண்டுபிடிப்பின் உடைமையையும் விநியோகத்தையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். அதற்கான மூலங்கள் பல நம்மிடையே உள்ளன. 1934-35 கொள்ளைநோய் பற்றிய அரசாங்க சபை அறிக்கைகள், தோட்டங்களின் பழைய கணக்கேடுகள், கேகாலைக் கிராமங்களின் சிங்கள வாய்மொழிச் செய்திகள், மலையகத் தமிழரின் பாடல்கள் ஆகியவற்றை ஒருங்கு வைத்து நோக்கும் ஆய்வு இனித்தான் செய்யப்படல் வேண்டும். பட்டை உரித்தவர்கள் தமிழ் பேசினர். காய்ச்சலில் மாண்டவர்களிற் பெரும்பாலோர் சிங்களம் பேசினர். இருசாராரின் நினைவுகளையும் ஒருசேரக் கற்கும் ஆய்வாளரிடமே கொயினாவின் முழுக் கதையையும் எதிர்பார்க்கலாம்.